கர்ப்ப காலத்தில் நானோ துகள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளுக்கான விழிப்புணர்வு வகுப்புகளிலும், வகுப்பு முடிந்த பிறகு வரும் தொலைபேசி அழைப்புகளிலும், ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுந்ததால் இந்தத் தொகுப்பை எழுதினேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ‘நானோ’ என்று அட்டையில் அச்சிட்ட பொருளைக் கண்டு அஞ்சுபவர்கள் பலர். அட்டையே இல்லாமல் தினமும் மூச்சில் நுழையும் புகையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இன்றுள்ள ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் இந்த அச்சத்தின் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் உடல்நிலை சார்ந்த முடிவுகளை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டே எடுங்கள்.

நானோ துகள்னா என்னங்க? சாதாரண தூசிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவற்றை நானோ துகள் என்கிறோம். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். காற்று மாசு பற்றிய செய்திகளில் வரும் பி.எம். 2.5 என்பது 2,500 நானோமீட்டர் வரையுள்ள துகள்கள் அனைத்தையும் சேர்த்த எடை; அதற்குள் நானோ துகள்களும் அடங்கும் என்றாலும், அவற்றின் எடை மிகக் குறைவு என்பதால் அந்தக் கணக்கில் அவை அநேகமாகத் தெரிவதே இல்லை.

இவற்றில் சில தொழிற்சாலையில் வேண்டுமென்றே செய்யப்படுபவை: சன்ஸ்கிரீனில் உள்ள துத்தநாக ஆக்சைடு, வண்ணப்பூச்சில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, கிருமிநாசினிப் பூச்சுகளில் உள்ள வெள்ளி போன்றவை. மற்றவை எரிதலில் தாமாகவே உண்டாகுபவை: டீசல் புகை, விறகுப் புகை, வெல்டிங் புகை, சிகரெட் புகை. எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது எழும் ஆவியிலும் இவை உண்டு. ஒரு கர்ப்பிணியின் உடலுக்குள் போகும் நானோ துகள்களில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நஞ்சுக்கொடி எல்லாத்தையும் வடிகட்டிடும்னு தானே சொல்வாங்க?

அது வடிகட்டும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மதுவும் நிக்கோட்டினும் ஈயமும் அதைக் கடந்து செல்வது நெடுங்காலமாகத் தெரிந்ததே. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகள் தாயின் ரத்தத்தில் அமிழ்ந்திருக்க, அவற்றின் உள்ளே குழந்தையின் ரத்த நாளங்கள் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள திசு முதல் மாதங்களில் 20 முதல் 30 மைக்ரோமீட்டர் தடிமனாக இருந்து, பிரசவம் நெருங்கும்போது சில மைக்ரோமீட்டராக மெலிந்துவிடுகிறது. அந்நேரத்தில் பரிமாற்றம் நடக்கும் மொத்தப் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். வளரும் குழந்தைக்குக் கூடுதல் ஊட்டம் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. வேண்டாதவற்றுக்கும் அதுவே வழியாகிவிடலாம்.

இதை நேரில் பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளிவந்தது. பிரசவம் முடிந்த உடனே, தாயின் ஒப்புதலோடு பெறப்பட்ட நஞ்சுக்கொடியின் ஒரு மடலை எடுத்து, தாய்ப் பக்கத்திலும் குழந்தைப் பக்கத்திலும் மெல்லிய குழாய்களைச் செருகி, இரண்டு தனித்தனி ஓட்டங்களாகத் திரவத்தைச் சுழலவிட்டார்கள். திசு சில மணி நேரம் உயிரோடு இயங்கும். தாய்ப் பக்கத்தில் பாலிஸ்டைரீன் என்ற நெகிழியால் ஆன ஒளிரும் துகள்களை விட்டு, குழந்தைப் பக்கத் திரவத்தை அவ்வப்போது எடுத்துச் சோதித்ததில், 50, 80, 240 நானோமீட்டர் துகள்கள் மறுபக்கம் வந்திருந்தன. 500 நானோமீட்டர் துகள்கள் பெரும்பாலும் தாய்ப் பக்கமே தங்கின.

ஆனால், சிறியது என்றாலே கடந்துவிடும் என்று முடிவு கட்டிவிட முடியாது. 2008இல் ஃபின்லாந்தில் இதே முறையில் செய்த சோதனையில், மேற்பூச்சு இடப்பட்ட 10 முதல் 30 நானோமீட்டர் தங்கத் துகள்கள் ஆறு மணி நேரத்தில் குழந்தைப் பக்கம் வரவில்லை. துகளின் வேதிப்பொருள், மேற்பரப்பின் மின்னூட்டம், ரத்தத்தில் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் எல்லாம் சேர்ந்துதான் அது கடக்குமா கடக்காதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

அதெல்லாம் ஆய்வுக்கூடத்துல. நிஜமான கர்ப்பத்துல யாராவது பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகக் குழு, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைத் திசுவின்மீது பாய்ச்சும் முறையைப் பயன்படுத்தியது. அந்த ஒளி பட்டதும், புகையிலிருந்து வந்த கரித்துகள் வெண்ணிறமாக மின்னும். சுற்றியுள்ள திசு அப்படி மின்னாது. சாயம் எதுவும் ஏற்றாமலே, ஒவ்வொரு துகளாக எண்ணிவிடலாம். 2019இல் வெளியான இந்த ஆய்வில், நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்தில் கரித்துகள்கள் இருப்பது முதன்முறையாகக் காட்டப்பட்டது. அதிகக் கரி மாசு உள்ள இடத்தில் வசித்த தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் துகள்களின் எண்ணிக்கையும் அதிகமாக இருந்தது.

2022இல் அதே குழு ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அடுத்த படிக்குச் சென்றது. பெல்ஜியத்தில் 60 தாய்-சேய் இணைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் கரித்துகள்கள் காணப்பட்டன. ஸ்காட்லாந்தில் 7 முதல் 20 வாரங்களுக்குள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களின் ஒப்புதலோடு ஆராயப்பட்ட கருக்களின் கல்லீரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் அவை இருந்தன. துகள் அங்கே போய்ச் சேருகிறது என்பதை இந்த ஆய்வுகள் நிறுவுகின்றன. அது அங்கே என்ன செய்கிறது என்பதை இவை அளக்கவில்லை. செய்தித் தலைப்புகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. நாமும் அப்படிச் செய்யக் கூடாது.

போய்ச் சேர்ந்தா குழந்தைக்கு என்ன ஆகும்?

இதற்கான நேரடி விடை பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளிலிருந்தே கிடைக்கிறது. ஜப்பானில் 2011இல் வெளியான ஆய்வில், 70 நானோமீட்டர் சிலிக்கா துகள்களையும் 35 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களையும் கருவுற்ற சுண்டெலிகளின் ரத்தத்தில் செலுத்தியபோது, அவை நஞ்சுக்கொடியிலும் குட்டிகளின் கல்லீரலிலும் மூளையிலும் காணப்பட்டன; குட்டிகள் சிறுத்திருந்தன. அதே சிலிக்காவை 300, 1,000 நானோமீட்டர் அளவில் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு இல்லை. 70 நானோமீட்டர் துகளின் மேற்பரப்பை வேதிமுறையில் மாற்றியபோதும் பாதிப்பு மறைந்துவிட்டது. முந்தைய பதில் ஒன்றில் தங்கத் துகளைப் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020இல், கருவுற்ற எலிகளின் நுரையீரலில் 20 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் துகள்கள் செலுத்தப்பட்டன. ஒரே நாளில் அவை குட்டிகளின் கல்லீரல், நுரையீரல், இதயம், சிறுநீரகம், மூளை வரை சென்றிருந்தன. டென்மார்க்கில் 2010இல் வெளியான ஆய்வில், டைட்டானியம் டை ஆக்சைடு தூசியைச் சுவாசித்த சுண்டெலிகளுக்குப் பிறந்த குட்டிகள், வளர்ந்த பிறகு திறந்த வெளியின் நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரமாகவே நடமாடின. பதற்றத்தின் அடையாளமாக இதைக் கொள்வார்கள். மாற்றம் லேசானதுதான், ஆனால் அளவிடக்கூடியது. இவற்றின் பின்னணியில் பொதுவாகப் பேசப்படும் காரணங்கள் செல்களில் ஏற்படும் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அழற்சி, டி.என்.ஏ. சேதம், நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் குறைதல் ஆகியவை.

எலிக்கு ஆனது எனக்கும் ஆகுமா?

அப்படியே ஆகாது. முதலாவது காரணம் அளவு. மேலே சொன்ன ஜப்பான் ஆய்வில், ஒரு சுண்டெலிக்கு நாளொன்றுக்கு 0.8 மில்லிகிராம் துகள் ரத்த நாளத்தின் வழியே செலுத்தப்பட்டது. சுண்டெலியின் எடையைச் சுமார் 35 கிராம் என்று கொண்டு, எடை விகிதப்படி 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கணக்கிட்டால், ஒரு கிராமுக்கு மேற்பட்ட துகளை நேரடியாக ரத்தத்தில் ஏற்றுவதற்கு அது சமம். தெருப் புகையைச் சுவாசிப்பவரின் ரத்தத்தில் அந்த அளவின் மிகமிகச் சிறிய பங்குதான் சேரும்.

இரண்டாவது காரணம் உடலமைப்பு. முதிர்ந்த மனித நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்தைத் தொட்டு நிற்பது ஒற்றைச் செல்லடுக்கு. சுண்டெலியில் மூன்று அடுக்குகள். அதன் கர்ப்பம் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். நமக்கோ ஏறத்தாழ நாற்பது வாரம். ஆகவே எலியில் கண்டது மனிதரில் குறைவாகவும் நடக்கலாம், கூடுதலாகவும் நடக்கலாம். எது நடக்கக்கூடும், எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதே விலங்கு ஆய்வின் பயன். ‘எலியில்தானே’ என்று ஒதுக்குவதும், எலியின் படத்தைப் போட்டுத் தாய்மார்களைப் பயமுறுத்துவதும் இரண்டுமே தவறு.

துகள் குழந்தைகிட்ட போகவே இல்லைன்னா பயமில்லைதானே?

பலருக்கும் வியப்பளிக்கும் பதில் இது: போகாமலும் பாதிப்பு நேரலாம். பிரிட்டனின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 2009இல், மனிதச் செல்களால் ஆன ஒரு தடுப்பின் ஒருபுறம் கோபால்ட்-குரோமியம் நானோ துகள்களை வைத்தார்கள். துகள்கள் தடுப்பைக் கடக்கவில்லை. இருந்தும் மறுபுறத்தில் இருந்த செல்களின் டி.என்.ஏ. சேதமடைந்தது. தடுப்பிலுள்ள செல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வேதிச் சமிக்ஞைகளை அனுப்பி, பாதிப்பை மறுபக்கத்துக்குக் கடத்தியிருந்தன. 2018இல் வெளியான தொடர் ஆய்வு, நஞ்சுக்கொடித் தடுப்பின் மறுபுறத்தில் வைக்கப்பட்ட நரம்புச் செல்களிலும் இத்தகைய மறைமுகச் சேதத்தைக் காட்டியது.

உடலுக்குள்ளும் இதற்கு வழிகள் உண்டு. தாயின் நுரையீரலில் தங்கிய துகள் அங்கே அழற்சியைக் கிளப்பினால், அதன் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியை எட்டும். அதன் ஹார்மோன் சுரப்பும் ரத்த ஓட்டமும் மாறக்கூடும். எனவே ‘கடந்ததா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியை வைத்துப் பாதுகாப்பை முடிவு செய்வது போதாது.

எந்த மாசம் ரொம்ப ஆபத்து?

கருவுற்ற 3 முதல் 8 வாரங்களில் உறுப்புகள் உருவாகின்றன. அப்போது ஏற்படும் பாதிப்பு அமைப்புக் குறையாகலாம். மூளையும் நுரையீரலும் கடைசி வரை, பிறந்த பின்னும், வளர்ந்துகொண்டே இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்புக் காலம் நீளம். சீனாவில் 2012இல் வெளியான சுண்டெலி ஆய்வில், 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் நஞ்சுக்கொடி முழுமையாக உருவாகும் முன் கருவை அதிகமாக எட்டின. உருவான பிறகு வெகுவாகக் குறைந்தன. மனிதரில் தடுப்புத் திசு கடைசி மாதங்களில் மெலிகிறது என்பதை முன்பே பார்த்தோம். ஆகவே ஒரு மாதத்தைக் காட்டி ‘இனிப் பயமில்லை’ என்று சொல்ல முடியாது.

மனுஷக் குழந்தைங்ககிட்ட என்ன பாதிப்பு தெரிஞ்சிருக்கு?

நானோ துகளை மட்டும் தனியாகப் பிரித்து அளந்த ஆய்வுகள் குறைவு, பெரும்பாலானவை பி.எம். 2.5 கணக்கில் உள்ளவை. தமிழ்நாட்டிலேயே 1,285 தாய்-சேய் இணைகளைத் தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் பி.எம். 2.5 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதாக அது கண்டது. நான்கு கிராம் ஒரு குழந்தைக்குப் பெரிய விஷயமல்ல. ஆனால் நம் கிராமத்து அடுப்படிகளில் மாசு பத்து மைக்ரோகிராமோடு நிற்பதில்லை. ஏற்கெனவே எடை குறைவு என்று கருதப்படும் 2,500 கிராம் எல்லையில் நிற்கும் குழந்தைகளும் நம்மிடம் ஏராளம்.

நானோ அளவிலான காற்றுத் துகள்களை நேரடியாகக் கணக்கில் கொண்ட ஆய்வு ஒன்று 2021இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து வந்தது. கர்ப்ப காலத்தில் அதிக வெளிப்பாடு இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆஸ்துமா கூடுதலாக இருந்ததை 376 தாய்-சேய் இணைகளில் அது கண்டது. பிரான்சில் 2011இல் பிறந்த குழந்தைகளைத் தொடரும் பெரிய ஆய்விலோ, வேலையிடத்தில் நானோ துகள் புகைக்கு ஆளான தாய்மார்களுக்கு, கர்ப்ப வாரத்துக்கு ஏற்ற எடை இல்லாத குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தது தெரிந்தது. இவையெல்லாம் தொடர்பைக் காட்டுபவை. காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்பவை அல்ல.

விறகடுப்பை விட்டு கேஸுக்கு மாறினா குழந்தை எடை கூடும்னாங்க. ஆய்வுல கூடலையாமே?

கூடவில்லை என்பது உண்மை. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனை அது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பங்கேற்போடு நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பெண்களுக்கு எரிவாயு அடுப்பும் தடையில்லாமல் எரிவாயுவும் தரப்பட்டன. மறுபாதியினர் வழக்கமான விறகடுப்பிலேயே சமைத்தார்கள். பெண்கள் சுவாசித்த பி.எம். 2.5 அளவு, நடுமதிப்பில், விறகு பயன்படுத்தியவர்களுக்குச் சுமார் 71 மைக்ரோகிராம். எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு 24. இவ்வளவு பெரிய இறக்கத்துக்குப் பிறகும் சராசரிப் பிறப்பு எடை 2,898 கிராமும் 2,921 கிராமும்தான். புள்ளியியல்படி அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த முடியாது. முடிவு 2022இல் வெளியானது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் பொருத்தமாகத் தோன்றுகின்றன. பெண்கள் 9 முதல் 20 வாரங்களுக்குள் சேர்க்கப்பட்டார்கள். அதற்குள் நஞ்சுக்கொடி உருவாகும் முக்கியக் காலம் புகையிலேயே கழிந்துவிட்டது. அடுத்து, 24 மைக்ரோகிராம் என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரியாகப் பரிந்துரைத்த 5 மைக்ரோகிராமைப் போல ஐந்து மடங்கு. பக்கத்து வீட்டு அடுப்பும், குப்பை எரிப்பும், வாகனப் புகையும் எரிவாயுவால் நின்றுவிடுவதில்லை. பிறப்பு எடை என்ற ஒரே அளவுகோலில் எல்லாப் பாதிப்பும் தெரிந்துவிடும் என்றும் சொல்ல இயலாது.

ஆகவே இந்த முடிவை எடுத்துக்காட்டி விறகடுப்புக்குத் திரும்புவது சரியல்ல. தாயின் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் புகை குறைவது எப்படியும் நல்லது. கர்ப்பம் உறுதியான பின் மாறுவதைவிட, குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாறுவது மேல் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம். எரிவாயுச் சுடரும் எண்ணிக்கையில் நிறைய நானோ துகள்களை வெளியிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எந்த அடுப்பானாலும் ஜன்னலைத் திறந்து வைப்பதும், தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் அவசியம்.

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் போடலாமா?

கொசுவத்திச் சுருளை அடைத்த அறையில் ஏற்ற வேண்டாம். 2003இல் வெளியான அளவீடு ஒன்று, ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5 அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு இணை என்று கணக்கிட்டது. கொசுவலை அதே வேலையைப் புகையில்லாமல் செய்யும். டெங்கு, மலேரியா கர்ப்பத்துக்கு ஆபத்து என்பதால் கொசுவை விட்டுவைக்கவும் முடியாது. சாம்பிராணி போடும் வழக்கத்தைக் கைவிட மனம் வராதவர்கள், புகை அடங்கும் வரை கர்ப்பிணி வேறிடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பிறந்த குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதற்கும் இதுவே பதில்: தவிர்ப்பது நல்லது.

சன்ஸ்கிரீன்ல நானோ இருக்குன்னு போட்டிருக்கு. தடவலாமா?

தடவலாம். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் காயமில்லாத தோலின் மேலடுக்கில் நின்றுவிடுகின்றன. ரத்தத்துக்குள் குறிப்பிடத்தக்க அளவில் செல்வதில்லை. தோல் மருத்துவர்கள் கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இவற்றையே பரிந்துரைக்கிறார்கள். ஸ்பிரே, பவுடர் வடிவங்களை மட்டும் விட்டுவிடுங்கள். தோலில் தடவுவதில் இல்லாத ஆபத்து மூச்சில் இழுப்பதில் உண்டு.

மாத்திரையிலயும் மிட்டாயிலயும் வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கிறதை ஐரோப்பாவுல தடை பண்ணிட்டாங்களாமே?

அது டைட்டானியம் டை ஆக்சைடு. உணவுப் பட்டியலில் இ171. அதன் துகள்களில் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கும். பிரான்ஸ் 2020இல் உணவில் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல், அது டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்று கூறியதை அடுத்து, 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. அதே தரவுகளைப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் உணவுச் சேர்க்கை நிபுணர் குழு, 2023இல் மாறான முடிவுக்கு வந்து, பழைய அனுமதியே தொடரலாம் என்றது. பிரசவித்த பெண்களின் நஞ்சுக்கொடியிலும், குழந்தையின் முதல் மலத்திலும் டைட்டானியம் இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2020இல் காட்டியிருக்கிறது.

நிற மிட்டாயும் சூயிங்கமும் அவசியமான உணவல்ல, விட்டுவிடலாம். ஆனால் மேற்பூச்சில் இது இருக்கிறது என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையையோ தைராய்டு மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். ஐரோப்பாவிலும் மருந்துகளில் இது தொடர்ந்து அனுமதிக்கப்படுகிறது. ரத்தசோகை குழந்தைக்குச் செய்யும் தீங்கு நிரூபிக்கப்பட்டது. மேற்பூச்சின் தீங்கு ஐயத்தின் நிலையிலேயே இருக்கிறது.

ரத்தம் கம்மின்னு இரும்பு ஊசி ஏத்துறாங்களே, அதுவும் நானோதானாமே?

ஆம். அரசு மருத்துவமனைகளில் டிரிப்ஸ் வழியே ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் என்பது, நடுவில் இரும்புச் சேர்மமும் சுற்றிச் சர்க்கரை உறையும் கொண்ட நானோ துகள்தான். உடல் அதைப் பிரித்து இரும்பாகப் பயன்படுத்திக்கொள்கிறது. சிலிக்காவைப் போலக் கரையாமல் தங்கிவிடுவதில்லை. முதல் மூன்று மாதம் தவிர்த்து, அதன் பிறகே இதைக் கொடுப்பது வழக்கம். நானோ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளை ஒதுக்குவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கொரோனா தடுப்பூசியில நானோ இருந்துச்சே, அது குழந்தைக்குப் போயிருக்குமா?

இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் கொழுப்பு நானோ துகள் கிடையாது. வெளிநாடுகளில் ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளைப் போட்டவர்களுக்கு அது உண்டு. அதன் கொழுப்புகள் உடலில் சிதைந்துவிடுபவை. கர்ப்ப காலத்தில் இவற்றைப் போட்டுக்கொண்ட பெண்களைப் பல நாடுகளில் பெரிய எண்ணிக்கையில் பின்தொடர்ந்ததில், கருச்சிதைவோ பிறவிக் குறையோ கூடவில்லை.

சித்த மருந்துல பற்பம், செந்தூரம் எல்லாம் நானோ மருந்துங்கிறாங்க. அப்போ கர்ப்பத்துல சாப்பிடலாமா?

புடமிட்டுச் செய்யும் சில பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை வைத்து ‘நானோ என்பதால் பாதுகாப்பு’ என்று வாதிடுவது சரியாக வராது. துகள் சிறிதாக ஆக, மேற்பரப்பு கூடி, உடலில் கரைவதும் ஊடுருவுவதும் எளிதாகும். பாதரசம், ஈயம் போன்றவற்றிலிருந்து தயாரித்தவை என்றால் துகளின் அளவைவிட உலோகமே முதல் கவலை. ஈயம் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும். ரத்தத்தில் அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உலோகம் சேர்ந்த மருந்துகளைக் கர்ப்ப காலத்தில் தாமாகவோ, இணையத்தில் வாங்கியோ உண்ண வேண்டாம். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் மருந்தின் பெயரை மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் துகள் நஞ்சுக்கொடியில இருக்குன்னு செய்தி வந்துச்சே?

2021இல் இத்தாலியில் ஆறு நஞ்சுக்கொடிகளைச் சோதித்ததில், நான்கில் மொத்தம் 12 நுண்நெகிழித் துணுக்குகள் கிடைத்தன. அவை மைக்ரோமீட்டர் அளவிலானவை, நானோ அல்ல. 2024இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் சோதித்த 62 நஞ்சுக்கொடிகள் அனைத்திலும் நெகிழி இருந்ததாக அறிவித்தது. ஆய்வுக்கூடக் காற்றிலும் கையுறையிலும்கூட நெகிழி இருப்பதால், இவ்வகை அளவீடுகளில் எவ்வளவு உடலிலிருந்து வந்தது, எவ்வளவு வெளியிலிருந்து ஒட்டியது என்ற விவாதம் ஓயவில்லை. அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு: கொதிக்கும் சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் பையில் வாங்காமல், தூக்குவாளியைக் கையோடு எடுத்துச் செல்வது.

மாஸ்க் போட்டா இவ்வளவு சின்னத் துகள் நிக்குமா?

என்95 முகக்கவசத்தில் நிற்கும். அது சல்லடை போல வேலை செய்வதில்லை. மிகச் சிறிய துகள்கள் காற்றில் நேராகச் செல்லாமல் தாறுமாறாக அலைவதால் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன; இழைகளில் உள்ள மின்னூட்டமும் அவற்றை இழுக்கிறது. ஓரங்களில் இடைவெளி இருந்தால் இதெல்லாம் வீண். துணிக் கவசமும், புடவை முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வதும் நானோ துகளுக்குப் பெரிய தடையல்ல. மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகள் நீண்ட நேரம் என்95 அணியும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நான் வெல்டிங் பட்டறை பக்கத்துல வேலை பார்க்கிறேன். என்ன செய்யட்டும்?

மனிதக் குழந்தைகளைப் பற்றிய பதிலில் சொன்ன பிரெஞ்சு ஆய்வு உங்களைப் போன்றவர்களுக்கே பொருந்துவது. கர்ப்பத்தை நிர்வாகத்திடம் சீக்கிரமே தெரிவித்து, புகையும் தூசியும் இல்லாத பிரிவுக்கு மாற்றக் கேளுங்கள். மாற்ற முடியாத இடத்தில் புகை உறிஞ்சியும் பொருத்தமான முகக்கவசமும் கட்டாயம். வேலை உடையோடு வீட்டுக்குள் வந்து அதனோடே அமர்வதைத் தவிர்க்கலாம். கணவர் பட்டறையில் வேலை பார்த்தாலும் இந்தக் கடைசி யோசனை பொருந்தும்.

ஏழு மாசம் முடிஞ்சிடுச்சு. என் ரத்தத்துல எவ்வளவு துகள் இருக்குன்னு பார்க்க டெஸ்ட் உண்டா? வெளியேத்த மருந்து உண்டா?

துகளை எண்ணும் பரிசோதனை எந்த மருத்துவமனையிலும் நோயாளிகளுக்குச் செய்யப்படுவதில்லை. ஹாசெல்ட்டில் பயன்படுத்திய லேசர் முறை ஆய்வுக்கானது. அதில் ஓர் எண் கிடைத்தாலும், இதற்கு மேல் ஆபத்து என்று சொல்ல ஒரு வரம்பு இல்லை. உங்களுக்குப் பயன்படும் கண்காணிப்பு நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான்: வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், குழந்தையின் அசைவு. பட்டறைப் புகை, பேட்டரி வேலை, உலோக மருந்து ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் மட்டும் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க மருத்துவரிடம் கேட்கலாம்.

‘நச்சு நீக்கும்’ பானங்களோ மூலிகைப் பொடிகளோ நஞ்சுக்கொடியில் தங்கிய கரித்துகளை வெளியேற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவற்றில் சில கர்ப்பிணிகளுக்கு ஆகாதவையும்கூட. மீதமுள்ள இரண்டு மாதங்களிலும் குழந்தையின் மூளையும் நுரையீரலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், இன்று குறைக்கும் புகைக்கும் பலன் உண்டு. பொடிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் சமையலறைக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிப் பொருத்துங்கள்.